அடைப்புக்குறிக்கு உள்ளே எது, வெளியே எது? – வாசகர் கேள்வி–பதில்

ஓர் உலோகத்தைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்திருக்கும் அணைவுச் சேர்மங்களுக்குப் பெயர் எழுதுவது, பெயரிலிருந்து வாய்பாடு எழுதுவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன, அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்குத்தான். படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன ஏற்பாடு: கீழே வரும் வாய்பாடுகளில் தனிமக் குறியீட்டுக்குப் பதிலாகத் தனிமத்தின் பெயரையும் ஈனியின் (உலோகத்தோடு பிணையும் அந்த மூலக்கூறு அல்லது அயனியின்) பெயரையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். வரிசை, அடைப்பு, எண் எல்லாம் உண்மையான வாய்பாட்டில் இருப்பதுதான். உங்கள் நோட்டில் எழுதும்போது வழக்கமான குறியீடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விதிகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் ஒரு வாய்பாட்டைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. – பன்னிரண்டாம் வகுப்பு மாணவி

சதுர அடைப்பில் தொடங்குங்கள். விதிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தச் சதுர அடைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களிடம் கோபால்ட்டும் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த ஒரு வரிசைச் சேர்மங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு கோபால்ட்டுக்கு 3 குளோரின். அம்மோனியா மட்டும் 6, 5, 4 என்று மாறும். 6 அம்மோனியா இருப்பது ஆரஞ்சு கலந்த மஞ்சள், 5 இருப்பது ஊதா, 4 இருப்பதில் ஒன்று பச்சை. இந்தக் கரைசல்களில் சில்வர் நைட்ரேட்டை ஊற்றினால் குளோரைடு முழுக்க வெள்ளை வீழ்படிவாக இறங்க வேண்டும் அல்லவா? மஞ்சளில் 3 குளோரைடும் இறங்கியது. ஊதாவில் 2. பச்சையில் 1 மட்டும். மீதிக் குளோரின் சேர்மத்துக்குள் இருக்கிறது, ஆனால் வெள்ளிக்குப் பிடிபட மறுக்கிறது.

1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் இதற்கு விளக்கம் சொன்னபோது அவருக்கு வயது 26. கோபால்ட்டைச் சுற்றி எப்போதும் 6 இடங்கள் உண்டு. அந்த இடங்களில் உட்கார்ந்தவை கரைசலிலும் உலோகத்தை விட்டுப் போகாது. இடம் கிடைக்காமல் வெளியே நிற்பவைதான் தனி அயனிகளாகப் பிரிந்து வீழ்படிவாகும். அம்மோனியா ஒன்று குறைந்தால் அந்தக் காலி இடத்தில் ஒரு குளோரைடு போய் உட்காருகிறது, அதனால் வெள்ளிக்குக் கிடைப்பதில் ஒன்று குறைகிறது. கரைசல்களின் மின்கடத்துத்திறனை அளந்து பார்த்தபோதும் அயனிகளின் எண்ணிக்கை இதற்குப் பொருந்தி வந்தது. 1913இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் போடும் சதுர அடைப்பு என்பது, "இதற்குள் இருப்பவை உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்தவை" என்று சொல்லும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

இப்போது ஊதாச் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம்: [கோபால்ட்(குளோரைடு)(அம்மோனியா)₅](குளோரைடு)₂. வெளியே 2 குளோரைடு, அதாவது −2. அப்படியானால் அடைப்புக்குள் இருப்பதன் மொத்த மின்சுமை +2. உள்ளே அம்மோனியாவுக்கு மின்சுமை இல்லை, ஒரு குளோரைடுக்கு −1, ஆக கோபால்ட் +3. இந்தக் கணக்கு முடிந்த பிறகு பெயர் தானாக வரும்: ஈனிகள் முதலில், உலோகம் அடுத்து, அதன் ஆக்சிஜனேற்ற எண் (இப்போது கணக்கிட்ட +3) ரோமன் எண்ணில், இடைவெளி விட்டு எதிர் அயனி, அதாவது அடைப்புக்கு வெளியே நிற்கும் அயனி. பென்டாஅம்மீன்குளோரிடோகோபால்ட்(Ⅲ) குளோரைடு. நேர் அயனியின் பெயரை நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒரே மூச்சில் எழுத வேண்டும்.

கடைசியில் "டைகுளோரைடு" என்று எழுதலாமா என்று உடனே கேட்பீர்கள். வேண்டாம். வெளியே எத்தனை குளோரைடு என்பதை கோபால்ட்(Ⅲ) என்பதே சொல்லிவிடுகிறது. இந்த முறையில் எதிர் அயனியின் எண்ணிக்கையைப் பெயரில் சொல்வதில்லை.

கேள்வி: பொட்டாசியம்₄[இரும்பு(சயனைடு)₆] என்பதில் இரும்பு எப்படி "ஃபெர்ரேட்" ஆகிறது? எல்லா உலோகத்துக்கும் இப்படி மாறுமா? – கல்லூரி முதலாண்டு மாணவர்

அடைப்புக்குள் இருப்பது எதிர்மின் அயனியாக இருந்தால் மட்டும் உலோகத்தின் பெயர் "ஏட்" என்று முடியும். நேர்மின் அயனியிலும் மின்சுமை இல்லாத அணைவிலும் உலோகம் தன் சாதாரணப் பெயரிலேயே இருக்கும். நீங்கள் கேட்ட சேர்மத்தில் 4 பொட்டாசியம் சேர்ந்து +4, உள்ளே −4. 6 சயனைடு −6, அதனால் இரும்பு +2. பொட்டாசியம் ஹெக்சாசயனிடோஃபெர்ரேட்(Ⅱ). பொட்டாசியம் 3 ஆக இருந்தால் அதுவே ஃபெர்ரேட்(Ⅲ). ஆனால் இரும்பைச் சுற்றி 6 நீர் மூலக்கூறுகள் இருக்கும் நேர் அயனிக்கு ஹெக்சாஅக்வாஅயர்ன்(Ⅲ) என்றுதான் பெயர். அங்கே ஃபெர்ரேட்டுக்கு வேலை இல்லை.

பெரும்பாலான உலோகங்களுக்கு வழக்கமான பெயரோடு "ஏட்" சேரும்: கோபால்ட்டேட், நிக்கலேட், குரோமேட், பிளாட்டினேட், ஜிங்கேட். சிலவற்றுக்கு மட்டும் லத்தீன் பெயர்: இரும்புக்கு ஃபெர்ரேட், தாமிரத்துக்குக் குப்ரேட், வெள்ளிக்கு அர்ஜென்டேட், தங்கத்துக்கு ஆரேட், வெள்ளீயத்துக்கு ஸ்டானேட், காரீயத்துக்கு பிளம்பேட். பாதரசத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதன் குறியீடு லத்தீனிலிருந்து வந்ததுதான், ஆனாலும் பெயர் மெர்க்குரேட்.

ஒரே சேர்மத்தில் இரண்டையும் பார்க்க ஆசையிருந்தால் [வெள்ளி(அம்மோனியா)₂][வெள்ளி(சயனைடு)₂] நல்ல எடுத்துக்காட்டு. டைஅம்மீன்சில்வர்(Ⅰ) டைசயனிடோஅர்ஜென்டேட்(Ⅰ). முதல் வெள்ளி நேர் அயனியில் இருப்பதால் சில்வர், இரண்டாவது எதிர்மின் அயனியில் இருப்பதால் அர்ஜென்டேட்.

கேள்வி: பழைய புத்தகத்தில் "குளோரோ, சயனோ" என்று இருக்கிறது, புதியதில் "குளோரிடோ, சயனிடோ". மாணவர்கள் இரண்டையும் எழுதுகிறார்கள். எதைச் சரி என்று எடுத்துக்கொள்வது? – வேதியியல் ஆசிரியை

வேதியியல் பெயர்விதிகளை வகுக்கும் உலக அமைப்பான ஐயுபிஏசியின் 2005ஆம் ஆண்டுப் பரிந்துரை வந்த பிறகு குளோரிடோதான் சரியான வடிவம். அதற்கு முன்பு குளோரோ, சயனோ, ஹைட்ராக்ஸோ எல்லாம் விதிவிலக்காக ஓடிக்கொண்டிருந்தன. இப்போது விதி சீராகிவிட்டது. "ஐடு" என்று முடியும் எதிர்மின் அயனி ஈனியானால் "இடோ": குளோரைடு குளோரிடோ ஆகும், ஹைட்ராக்சைடு ஹைட்ராக்சிடோ, ஹைட்ரைடு ஹைட்ரிடோ. "ஏட்" என்று முடிந்தால் "ஏட்டோ": சல்ஃபேட்டோ, கார்பனேட்டோ, ஆக்சலேட்டோ. "ஐட்" என்று முடிந்தால் "இட்டோ", நைட்ரைட் நைட்ரிட்டோ ஆவது போல. மின்சுமை இல்லாத ஈனிகள் பெரும்பாலும் தங்கள் பெயரிலேயே வரும். நீருக்கு அக்வா, அம்மோனியாவுக்கு அம்மீன், கார்பன் மோனாக்சைடுக்குக் கார்பனைல், நைட்ரிக் ஆக்சைடுக்கு நைட்ரோசில் என்ற நான்கும் தனி.

என் கருத்து: சொல்லிக்கொடுப்பது புதியதாக இருக்கட்டும், ஆனால் மாணவர்கள் பழையதையும் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளிலும் பழைய நூல்களிலும் குளோரோ கொட்டிக் கிடக்கிறது, அதைக் கண்டு மிரளக் கூடாது. ஒரே விடையில் குளோரோவையும் சயனிடோவையும் கலந்து எழுதினால் மட்டும் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

வாய்பாட்டிலும் 2005இல் ஒரு மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் உலோகத்துக்கு அடுத்து எதிர்மின் ஈனிகள், அப்புறம் மின்சுமையற்றவை என்று எழுதச் சொன்னார்கள். இப்போது மின்சுமையைப் பார்க்க வேண்டாம், ஈனியின் குறியீடு எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த ஆங்கில அகரவரிசைதான். எந்த முறையில் போனாலும் குளோரின் அம்மோனியாவுக்கு முன்னால் வருகிறது. ஆனாலும் பல பாடநூல்கள் அம்மோனியாவை முன்னால் போட்டே அச்சிடுகின்றன. இதற்காக மதிப்பெண் குறைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை, ஏனென்றால் யாரும் சேர்மத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. அடைப்பை மாற்றிப் போட்டாலோ மின்சுமைக் கணக்கு தவறினாலோ அது வேறு கதை, அங்கே சேர்மமே மாறிவிடுகிறது. வட்ட அடைப்பு பற்றியும் ஒரு வார்த்தை: இந்தப் பக்கத்தில் படிக்க வசதியாக எல்லா ஈனிகளுக்கும் வட்ட அடைப்பு போட்டிருக்கிறேன். உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்கள் உள்ள ஈனிகளுக்கும் சுருக்கக் குறியீடுகளுக்கும்தான் அது தேவை, தனி அணுவான குளோரினுக்குத் தேவையில்லை.

கேள்வி: "டை, டிரை" எப்போது, "பிஸ், டிரிஸ்" எப்போது? – போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர்

ஒரு சேர்மத்தை வைத்துப் பார்ப்போம். பிளாட்டினத்தோடு 2 குளோரைடும் 2 மெத்திலமீனும் பிணைந்திருக்கின்றன. இதை "டைமெத்திலமீன்" என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? டைமெத்திலமீன் என்று தனியாக ஒரு மூலக்கூறே இருக்கிறது: ஒரே நைட்ரஜனில் இரண்டு மெத்தில் தொகுதிகள். நாம் சொல்ல வந்ததோ இரண்டு தனித்தனி மெத்திலமீன் மூலக்கூறுகளை. இந்த மயக்கம் வராமலிருக்கத்தான் "பிஸ்" என்று எழுதி, ஈனியின் பெயரை அடைப்புக்குள் போடுகிறோம்: டைகுளோரிடோபிஸ்(மெத்திலமீன்)பிளாட்டினம்(Ⅱ). குளோரிடோவில் அப்படிக் குழப்பம் வர வழியில்லை, அதனால் அங்கே வெறும் டை.

ஈனியின் பெயருக்குள்ளேயே டை, டிரை போன்ற எண் இருந்தாலும் இதேதான். எத்தேன்-1,2-டைஅமீன் மூன்று இருந்தால் டிரிஸ்(எத்தேன்-1,2-டைஅமீன்), டிரைஃபீனைல்பாஸ்ஃபேன் இரண்டு இருந்தால் பிஸ்(டிரைஃபீனைல்பாஸ்ஃபேன்). நான்குக்கு டெட்ராகிஸ்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சறுக்கல் அணைவு எண். எத்தேன்-1,2-டைஅமீன் இருமுனை ஈனி. அதன் இரண்டு நைட்ரஜன்களும் உலோகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. [குரோமியம்(எத்தேன்-1,2-டைஅமீன்)₃](குளோரைடு)₃ என்பதில் ஈனிகள் 3, அணைவு எண் 6. எண்ண வேண்டியது உலோகத்தோடு இணையும் வழங்கி அணுக்களை. இடிடிஏ என்ற ஈனி ஒற்றை ஆளாக 6 இடங்களையும் நிரப்பிவிடும்.

கேள்வி: ஈனிகளை அகரவரிசையில் எழுத வேண்டும் என்றால், தமிழில் எழுதும்போது "அக்வா" முன்னால் வருமே? – தமிழ் வழியில் படிக்கும் மாணவர்

வராது. வரிசை எப்போதும் ஆங்கில எழுத்துக்கூட்டின்படிதான், தமிழில் எழுதினாலும் அதுவே. அம்மீனில் ஏ-க்கு அடுத்து எம், அக்வாவில் ஏ-க்கு அடுத்து க்யூ. ஆகவே அம்மீன் முன்னால். சயனிடோவும் குளோரிடோவும் சி-யில் தொடங்குகின்றன, குளோரிடோ முன்னால். டை, டிரை, டெட்ரா, பிஸ் போன்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. டைகுளோரிடோ சி-யில்தான் சேரும். ஆனால் டைமெத்திலமீன் என்பதே ஈனியின் முழுப் பெயராக இருந்தால் அது டி-யில் சேரும், ஏனென்றால் அங்கே டை பெயரின் ஒரு பகுதி.

இன்னொன்றையும் கவனியுங்கள், பலர் இதைக் கவனிப்பதில்லை. பெயரில் வரிசை ஈனியின் பெயரைப் பார்த்து, வாய்பாட்டில் வரிசை ஈனியின் குறியீட்டைப் பார்த்து. அதனால் இரண்டிலும் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊதாச் சேர்மத்தின் பெயரில் அம்மீன் முதலில், வாய்பாட்டில் குளோரின் முதலில்.

எழுத்துக்கூட்டில் ஒரு எச்சரிக்கை: அம்மோனியா ஈனியாகும்போது அம்மீன், அதில் ஆங்கிலத்தில் இரண்டு எம். மெத்திலமீன், எத்தேன்-1,2-டைஅமீன் போன்றவற்றில் ஒரே எம். தமிழிலும் அம்மீனில் "ம்" என்ற மெய்யெழுத்தைக் காட்டி எழுதுங்கள்.

கேள்வி: பெயரைக் கொடுத்து வாய்பாடு கேட்டால் வெளியே எத்தனை அயனி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரில்தான் எண்ணிக்கையே இல்லையே. – பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்

முதல் கேள்வியில் போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். பொட்டாசியம் டெட்ராஹைட்ராக்சிடோஜிங்கேட்(Ⅱ) என்று கொடுத்திருக்கிறார்கள். துத்தநாகம் +2, ஹைட்ராக்சைடு நான்கும் −4, ஆக உள்ளே −2. அதைச் சமன் செய்ய 2 பொட்டாசியம். பொட்டாசியம்₂[துத்தநாகம்(ஹைட்ராக்சைடு)₄]. வாய்பாட்டில் உலோகம் முதலில், ஈனிகள் பின்னால். பெயரில் இருப்பதற்கு நேர் எதிர். நேர் அயனி எப்போதும் முன்னால், அது அணைவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இன்னும் கொஞ்சம் சுவையான ஒன்று: டெட்ராஅக்வாடைகுளோரிடோகுரோமியம்(Ⅲ) குளோரைடு டைஹைட்ரேட். குரோமியம் +3, உள்ளே இரண்டு குளோரைடு −2, மிச்சம் +1, எனவே வெளியே ஒரே ஒரு குளோரைடு. [குரோமியம்(குளோரைடு)₂(நீர்)₄](குளோரைடு)·2நீர். மொத்தமாகக் கூட்டினால் ஒரு குரோமியம், 3 குளோரின், 6 நீர். ஆய்வகப் புட்டியில் "குரோமியம் குளோரைடு, 6 நீர்" என்று ஒட்டியிருக்கும் கரும்பச்சைப் பொருள் வழக்கமாக இதுதான். அதே மொத்தத்தில், 6 நீரும் உள்ளே போய் 3 குளோரைடும் வெளியே வந்தால் ஊதா நிறமுள்ள ஹெக்சாஅக்வாகுரோமியம்(Ⅲ) குளோரைடு. 5 நீரும் ஒரு குளோரைடும் உள்ளே இருந்தால் மூன்றாவது ஒன்று, அதுவும் பச்சை வகை நிறம்தான். ஒரே எடை விகிதம், ஆனால் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் ஊதாவில் 3, மூன்றாவதில் 2, கரும்பச்சையில் 1 என்று வீழ்படிவு இறங்கும். கரும்பச்சைக் கரைசலை அப்படியே வைத்திருந்தால் நீர் மெல்ல உள்ளே போய்க் குளோரைடை வெளியே தள்ளும் என்பதால் இந்தச் சோதனையைப் புதிதாகக் கரைத்த கரைசலில், குளிர்ச்சியாக வைத்துச் செய்ய வேண்டும்.

பெயரில் "அக்வா" என்று இருந்தால் அந்த நீர் உள்ளே. "ஹைட்ரேட்" என்று இருந்தால் வெளியே. இந்த ஒன்றைக் கவனித்தாலே பாதித் தவறுகள் நின்றுவிடும்.

கேள்வி: இரண்டு பக்கமும் சதுர அடைப்பு இருந்தால், எந்த உலோகத்துக்கு எந்த ஆக்சிஜனேற்ற எண் என்று எப்படிப் பிரிப்பது? – கல்லூரி மாணவி

நல்ல கேள்வி, ஏனென்றால் இங்கே வெறும் கூட்டல் கழித்தல் போதாது. [கோபால்ட்(அம்மோனியா)₆][குரோமியம்(சயனைடு)₆] என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சயனைடு ஆறும் −6, மற்றதெல்லாம் சுமையற்றவை, ஆகக் கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்து +6. மூன்றும் மூன்றுமா, இரண்டும் நான்குமா? கணக்கு இதற்கு விடை சொல்லாது. உலோகங்களின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும்: அம்மோனியா சூழ்ந்த கோபால்ட்டுக்கு +3 நன்கு தெரிந்த, நிலையான நிலை, குரோமியத்துக்கும் அப்படியே. ஹெக்சாஅம்மீன்கோபால்ட்(Ⅲ) ஹெக்சாசயனிடோகுரோமேட்(Ⅲ). இதில் இரண்டு உலோகமும் இடம் மாறி உட்கார்ந்த சேர்மமும் உண்டு, ஹெக்சாஅம்மீன்குரோமியம்(Ⅲ) ஹெக்சாசயனிடோகோபால்ட்டேட்(Ⅲ). இவற்றை அணைவு மாற்றியங்கள் என்கிறோம். பெயரை உன்னிப்பாகப் படிக்காவிட்டால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும்.

சில நேரம் அணைவு எண்ணே கைகொடுக்கும். [பிளாட்டினம்(அம்மோனியா)₄][பிளாட்டினம்(குளோரைடு)₄], மேக்னஸின் பச்சை உப்பு என்று பெயர் பெற்றது. இரண்டு பிளாட்டினமும் சேர்ந்து +4. ஒன்று +4, மற்றது 0 என்று வைத்தால்? பிளாட்டினம்(Ⅳ) வழக்கமாக 6 ஈனிகளைப் பிடிக்கும், பிளாட்டினம்(Ⅱ) நான்கைப் பிடித்துத் தளசதுரமாக இருக்கும். இங்கே இரண்டிலும் நான்கு நான்கு, எனவே இரண்டும் +2. டெட்ராஅம்மீன்பிளாட்டினம்(Ⅱ) டெட்ராகுளோரிடோபிளாட்டினேட்(Ⅱ).

கேள்வி: பெயர் முழுதும் சரியாக எழுதியும் "முழுமையாக இல்லை" என்று ஆசிரியர் திருத்திவிட்டார். நான் எழுதியது டைஅம்மீன்டைகுளோரிடோபிளாட்டினம்(Ⅱ). என்ன விட்டுப்போயிருக்கும்? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்

முன்னால் சிஸ் அல்லது டிரான்ஸ் என்று இருந்திருக்க வேண்டும். தளசதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு குளோரைடும் பக்கத்துப் பக்கத்து மூலையில் இருந்தால் சிஸ், எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ். சிஸ் வடிவத்தை மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே தயாரித்துவிட்டார். 1965இல் பார்னெட் ரோசன்பெர்க் குழுவினர், பிளாட்டின மின்முனைகள் வைத்த வளர்ப்பு ஊடகத்தில் பாக்டீரியா செல்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போவதைப் பார்த்து அந்தப் பாதையில் போனதில், அது புற்றுநோய் மருந்தாகும் என்பது தெரிந்தது. 1978இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது. டிரான்ஸ் வடிவம் அப்படி வேலை செய்வதில்லை. அணுக்கள் அதே அணுக்கள், எண்ணிக்கையும் அதே. போன பதிலில் வந்த பச்சை உப்பிலும் இதே விகிதம்தான், கூட்டிப் பாருங்கள். வெர்னர் வரிசையில் 4 அம்மோனியா உள்ள கோபால்ட் சேர்மத்திலும் இப்படித்தான்: பச்சை டிரான்ஸ், அதன் ஊதா இணை சிஸ். உங்கள் ஆசிரியர் திருத்தியது நியாயம்தான்.

எந்த அணு வழியாகப் பிணைகிறது என்பதையும் சில இடங்களில் சொல்லியாக வேண்டும். நைட்ரைட், நைட்ரஜன் வழியாகவும் பிணையும், ஆக்சிஜன் வழியாகவும் பிணையும். 5 அம்மோனியாவும் ஒரு நைட்ரைட்டும் கொண்ட கோபால்ட்(Ⅲ) அயனியில் நைட்ரஜன் வழி பிணைந்தது மஞ்சள், ஆக்சிஜன் வழி பிணைந்தது சிவப்பு. சிவப்பு மெதுவாக மஞ்சளாக மாறிவிடும். புதிய முறையில், பிணையும் அணுவைக் காட்டும் கப்பா என்ற கிரேக்க எழுத்தைச் சேர்த்து, முதலாவது நைட்ரிட்டோ-கப்பா-என், இரண்டாவது நைட்ரிட்டோ-கப்பா-ஓ. பழைய புத்தகங்களில் நைட்ரோ, நைட்ரிட்டோ. டகரத்தை அழுத்தி "நைட்ரிட்டோ" என்றே எழுதுங்கள், "நைட்ரிடோ" என்றால் அது நைட்ரைடு என்ற வேறு ஈனி.

கேள்வி: நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையில் வரும் அணைவில் இரும்பு +1 என்று ஒரு புத்தகம், +2 என்று இன்னொன்று. எது சரி? – பட்டப்படிப்பு மாணவர்

[இரும்பு(நீர்)₅(நைட்ரிக் ஆக்சைடு)] என்ற அயனியின் மின்சுமை +2. இதில் சந்தேகமே இல்லை. தகராறு நைட்ரிக் ஆக்சைடைப் பற்றியது: அதைச் சுமையற்றதாக எடுத்தால் இரும்பு +2, +1 அயனியாக எடுத்தால் இரும்பு +1. பல காலம் பாடநூல்களில் இரண்டாவதுதான் இருந்தது. ஆனால் பிற்கால நிறமாலை ஆய்வுகள், இரும்பு +3, நைட்ரிக் ஆக்சைடு −1 என்ற விவரிப்பையே ஆதரிக்கின்றன. ஆக, ஒரே அயனிக்கு மூன்று எண்கள்.

இதே நைட்ரிக் ஆக்சைடு சோடியம் நைட்ரோபுருசைடில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. சோடியம்₂[இரும்பு(சயனைடு)₅(நைட்ரிக் ஆக்சைடு)], இரத்த அழுத்தத்தை வேகமாகக் குறைக்கப் பயன்படும் மருந்து. அதில் தனித்த எலக்ட்ரானே இல்லை, டயாகாந்தத் தன்மை. இரும்பு +2, நைட்ரிக் ஆக்சைடு +1 என்று கொண்டால் அது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் நைட்ரோசிலைச் சுமையற்றதாக வைத்துப் பெயரிடும் புத்தகம் அதே சேர்மத்தில் ஃபெர்ரேட்(Ⅲ) என்று எழுதும்.

ஆல்ஃபிரட் ஸ்டாக் கொண்டுவந்த ரோமன் எண் முறை, உலோகத்தின் ஆக்சிஜனேற்ற எண் உறுதியாகத் தெரியும் இடத்தில் அருமையாக வேலை செய்கிறது. தெரியாத இடத்தில் அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஈவென்ஸ்–பாசெட் முறை என்று இன்னொன்று இருக்கிறது, ஐயுபிஏசி அதையும் ஏற்றுக்கொள்கிறது: ஆக்சிஜனேற்ற எண்ணுக்குப் பதிலாக அயனியின் மொத்த மின்சுமையைச் சாதாரண எண்ணில் எழுதுவது. பென்டாஅக்வாநைட்ரோசில்அயர்ன்(2+), பென்டாசயனிடோநைட்ரோசில்ஃபெர்ரேட்(2−). எந்த எலக்ட்ரான் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் நுழையாமலே பெயர் முடிந்துவிடுகிறது. தேர்வில் ரோமன் எண்தான் வேண்டும் என்று கேட்டால், "நைட்ரோசிலை +1 ஆகக் கொண்டால்" என்று ஒரு வரி எழுதிவிட்டு விடை எழுதுங்கள், திருத்துபவருக்கு உங்கள் கணக்கு தெளிவாகத் தெரியும்.